ஜெனி போன கொலோன் கோயில், ஜெர்மனியில உள்ள பேராலயம் (எங்க வீட்டு குரூப்)

குரூப்: பாளை வீடு
சனிக்கிழமை

ஜெனி, 2:42
கொலோன் வந்துட்டேன். ஸ்டேஷன் கதவைத் தாண்டி வெளிய வந்தா எதுக்க அப்படியே நிக்குது. எவ்ளோ தள்ளிப் போய் எடுத்தாலும் கோபுரத்து நுனி போட்டோவுக்குள்ள வரமாட்டேங்குது.

ஜெனி, 2:43
(படம்)
(படம்)

அம்மா, 2:45
மாதாவே! என்னட்டி இம்புட்டு கருப்பா இருக்கு? தீ ஏதும் பிடிச்சுதா?

ஜெனி, 2:46
இல்லம்மா. புகையும் மழையும் சேர்ந்து கல்லு கருத்துப்போச்சு.

அப்பா, 2:46
என்ன கல்லு?

ஜெனி, 2:49
பழைய பாகம் எரிமலைக் கல்லுப்பா, ட்ராகைட்னு சொல்றாங்க. ரைன் ஆத்தோரம் டிராஹென்ஃபெல்ஸ்னு ஒரு மலை இருக்கு. அங்க வெட்டி, படகுல ஏத்தி ஆத்தோடயே இறக்கிருக்காங்க. பின்னாடி கட்டுன பாகத்துல மணல்கல் நிறைய.

அப்பா, 2:50
உயரம்?

ஜெனி, 2:50
157 மீட்டர். ரெண்டு கோபுரமும்.

ராணி அத்தை, 2:53
நம்ம பாளை சர்ச் ஊசிக் கோபுரத்தையே சின்னதுல அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம். இது என்ன கணக்குன்னே தெரியலயே. ஜெனி, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த மூணு ராசாக்கள் பெட்டி அங்கதான இருக்கு? சாமியார் பிரசங்கத்துல சொல்லிருக்காரு.

ஜெனி, 3:20
ஆமாத்தை, இப்ப அது முன்னாலதான் நிக்கேன். பெரிய பீடத்துக்குப் பின்னால கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கு. பெட்டின்னு சொன்னாலும் பாக்க தங்கத்துல செஞ்ச ஒரு சின்னக் கோயில்தான். சுத்திலும் தீர்க்கதரிசிங்க உக்காந்திருக்காங்க. 1164-ல மிலான்ல இருந்து ராசாக்களோட எலும்பைக் கொண்டு வந்தாங்களாம். அதைக் கும்பிட வர்ற சனத்துக்கு ஏத்த மாதிரி பெருசா வேணும்னுதான் 1248-ல இந்தக் கோயிலை ஆரம்பிச்சது. உங்க பேரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி வச்சிருக்கேன்.

ராணி அத்தை, 3:21
நல்லாருப்பட்டி 🙏

ஜோயல் அண்ணன், 3:22
எப்ப முடிச்சாங்க?

ஜெனி, 3:22
1880.

அப்பா, 3:23
632 வருசமா?

ஜெனி, 3:27
நடுவுல நின்னுபோச்சுப்பா. 1322-ல பீடம் இருக்கற பக்கம் மட்டும் முடிஞ்சிருக்கு. மிச்சம் முடியறவரைக்கும்னு குறுக்க ஒரு சுவர் எழுப்பி, அந்தப் பாதியிலயே பூசை நடத்திருக்காங்க. 1500-கள்ல காசும் இல்ல, சனத்துக்கு ஆர்வமும் இல்ல, வேலையை அப்படியே விட்டுட்டாங்க. பாதி ஏறுன தெக்குக் கோபுரத்து உச்சியில மரக் கிரேன் மட்டும் நின்னுருக்கு. 1868-லதான் அதை இறக்கினாங்க. குறுக்குச் சுவரை இடிச்சது 1863-ல.

அப்பா, 3:29
கிரேன் நிக்கற வரைக்கும் வேலை முடியலன்னு அர்த்தம். அதை இறக்காம விட்டானுவ பாரு, அதான் பெருசு. சரி, திரும்ப ஆரம்பிச்சவனுக்கு எப்டி வேணும்னு எப்டித் தெரிஞ்சுது?

ஜெனி, 3:34
அதைத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன். முகப்போட பழைய வரைபடம் கிடைச்சிருக்குப்பா! தோல்ல வரைஞ்சது, 4 மீட்டர் உயரம். ஒரு பாதி 1814-ல டார்ம்ஷ்டாட்ல, இன்னொரு பாதி 1816-ல பாரீஸ்ல. ரெண்டையும் சேத்துப் பாத்துதான் 1842-ல வேலையைத் திரும்ப ஆரம்பிச்சு, ரெண்டு கோபுரத்தையும் அதே மாதிரி ஏத்திருக்காங்க.

அப்பா, 3:36
வரைஞ்ச மேஸ்திரி போய் அஞ்சு நூறு வருசம் கழிச்சு, அவரு சொன்ன அளவுக்கே கட்டிருக்கானுவ. கேக்கவே உடம்பு சிலுக்குது மக்கா. நமக்கெல்லாம் வீட்டுக்காரன் ஒரு மாசத்துல ப்ளானை நாலு தடவை மாத்துவான்.

ஜெனி, 3:41
(படம்)
இது உள்ளருந்து மேல பாத்து எடுத்தது. 43 மீட்டர். சுவர்னே ஒண்ணு இல்லப்பா, எல்லாம் கண்ணாடிதான். எப்டி நிக்குது?

அப்பா, 3:44
வெளிய போய்ப் பாரு. சுவருக்குத் தள்ளி கனமா தூணு நிக்கும், அங்கருந்து சாய்வா கல்லு வந்து சுவரைத் தொடும். மேல ஆர்ச் போட்டா அது சும்மா நிக்காது, ரெண்டு பக்கமும் வெளிய தள்ளும். அந்தத் தள்ளை வெளித்தூணு வாங்கிக்கிடும். பாரத்தை அது வாங்கிக்கிட்டா நடுவுல கண்ணாடி வைக்கலாம், என்னமும் வைக்கலாம்.

ஜெனி, 3:52
தெக்குப் பக்கம் ஒரு சன்னல்ல உருவமே கிடையாது. புனிதர், சம்மனசு யாரும் இல்ல. சின்னச் சின்னச் சதுரமா 11,263 கண்ணாடி, 72 நிறம். கெர்ஹார்ட் ரிக்டர்னு ஒரு ஓவியர் 2007-ல செஞ்சது. போட்டோவுல பாத்தப்ப எனக்குப் பிடிக்கல. இப்ப வெயில் அது வழியா உள்ள வருது. தரையில, தூண்ல, முன்னால முட்டுக்கால் போட்டிருக்கற ஒரு பாட்டியோட வெள்ளை முடியில எல்லாம் பச்சையும் சிவப்பும் விழுந்திருக்கு. அவங்க செபத்துல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாது. போட்டோ எடுக்க மனசு வரல.

அம்மா, 3:54
எடுக்காததே நல்லது. மதியம் சாப்டியா?

ஜெனி, 4:48
சாப்டேன்மா. கோபுரம் ஏறி இறங்கிட்டேன், 533 படி. ஒரே சுத்துப்படி, ஏறுறவங்களும் இறங்குறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கித்தான் போகணும். வழியில பெரிய மணி இருக்கு, 24 டன், 1923-ல வார்த்தது. பெரிய திருநாளுக்கு மட்டும்தான் அடிப்பாங்களாம்.

ஜோயல் அண்ணன், 4:51
ரெண்டாம் உலகப்போர்ல ஊரே தரைமட்டம் ஆச்சே. இது மட்டும் எப்டி தப்புச்சு?

ஜெனி, 4:56
தப்பிக்கலண்ணா, 14 குண்டு விழுந்திருக்கு. 1943 நவம்பர்ல ஒண்ணு வடக்குக் கோபுரத்துத் தூணைப் பேத்துக்கிட்டுப் போயிருச்சு, 10 மீட்டர் உயரத்துக்கு ஓட்டை. கோபுரம் சாஞ்சுடும்னு அவசரமா செங்கல்லை வச்சு அடைச்சிருக்காங்க. போர் முடிஞ்சும் ரொம்ப வருசம் அந்தச் செங்கல் வெளிய தெரிஞ்சுக்கிட்டே இருந்துது. 2005-லதான் மேல கல்லு வச்சு மூடி முடிச்சாங்க.

அப்பா, 4:57
செங்கல்லா?

அப்பா, 4:58
அம்புட்டுக் கல்லுக் கோபுரத்துக்கு அடியில செங்கல்லா?

அப்பா, 5:01
மேல அவ்வளவு பாரம், தலைக்கு மேல விமானம். அதுக்கு அடியில நின்னு வரிசை வரிசையா கலவை வச்சிருக்கான். ஒரு வரிசை சரியாப் பிடிக்கலன்னா அவன் மேலயே வரும். யாரு பெத்த புள்ளையோ. அந்த இடம் இன்னும் தெரியுமா மக்கா?

ஜெனி, 5:02
ரயிலுக்கு நேரம் இருக்குப்பா, போய்ப் பாக்கேன்.

ஜெனி, 5:17
(படம்)
(படம்)
இதுதான்.

அப்பா, 5:20
பெருசாக்கிப் பாத்தேன். சுத்தி இருக்கறதை விட வெளுப்பா இருக்குல்லா, அதான் புதுக் கல்லு. ஒட்டு இருக்கற இடமே தெரியல, நல்ல கை. கல்தச்சனுவ இப்பவும் இருக்கானுவளா?

ஜெனி, 5:22
இருக்காங்கப்பா. கோயிலுக்குன்னே தனிப் பட்டறை, வருசம் பூரா வேலை. சாரம் இல்லாத கோயிலை யாருமே பாத்ததில்லையாம். கோயில் வேலை என்னைக்கு முடியுதோ அன்னைக்கு உலகம் முடிஞ்சிரும்னு இந்த ஊர்ல சொல்வாங்க.

அப்பா, 5:23
கல்லைத் தொட்டுப் பாத்தியா?

ஜெனி, 5:23
தொட்டேன். சில்லுன்னு இருக்கு, சொரசொரன்னு.

அப்பா, 5:24
இன்னொரு தடவை தொட்டுட்டு வா. எனக்காக.