தூளி கட்டிய உத்திரமும் நாயனமும்: உங்கள் வீட்டு மேள அனுபவத்தையும் சொல்லுங்கள்

குத்தாலம் பக்கத்து ஆள்:

போன தை மாதம் என் மகள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வைக்க வேண்டும் என்று இளசுகளுக்கு ஆசை. அப்பாவுக்கு 78 வயது. "வாசல்ல என்ன வேணும்னாலும் வச்சுக்குங்க. தாலி ஏறும்போது நாயனம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். சரி என்று நானும் அவருமாக நாயனக்காரர் வீட்டுக்கு அச்சாரம் கொடுக்கப் போனோம்.

அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். காலை நாலரைக்கு மேல் ஆறுக்குள் என்றேன். "அப்ப பூபாளத்துல ஆரம்பிச்சு பௌளிக்கு வந்துடலாம்" என்றார். இரண்டும் விடியற்கால ராகங்கள். எங்கள் பக்கம் கல்யாண வேலையில் நேரம் பார்க்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் புரோகிதர், இன்னொருவர் நாயனக்காரர்.

அப்புறம் அப்பா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இந்த நாயனத்துக்கு மரம் எங்க எடுத்தது தம்பி?" எந்த நாயனக்காரரைப் பார்த்தாலும் இதைக் கேட்காமல் விடமாட்டார். காரணம் இருக்கிறது.

1986 இல் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்தோம். கொள்ளுத் தாத்தா காலத்து வீடு. உத்திரமெல்லாம் ஆச்சா மரம். விறகுக்கடைக்காரர் ஒருவர் மொத்தமாக விலை பேசிக்கொண்டிருந்தபோது நரசிங்கம்பேட்டையிலிருந்து ஒரு ஆசாரி சைக்கிளில் வந்து இறங்கினார். நாதஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடு இடிக்கிற சேதி கேட்டால் தேடி வருவார்கள். புது ஆச்சாவில் ஈரம் இருக்கும், கடைந்த பிறகு வெடிக்கும். எத்தனையோ வருஷம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம் அப்படிச் செய்யாது. அவர் ஒவ்வொரு உத்திரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். மூன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அதில் ஒன்றின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம். அப்பா அதைத் தடவிக் காட்டி, "இது தூளிக் கயிறு அரைச்ச தழும்பு" என்றார். அப்பாவுக்கு, அத்தைகளுக்கு, எனக்கு, என் தம்பிக்கு எல்லாம் அந்த உத்திரத்தில்தான் தூளி கட்டியிருக்கிறார்கள். "கடைசல்ல போயிடுங்க" என்று ஆசாரி சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தார்.

கல்யாணத்தன்று நாயனக்காரருக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்துகொண்டார். நாயனத்தின் மேல்பக்கம் கயிற்றில் ஏழெட்டுச் சீவாளி தொங்கியது. வாயில் வைத்து ஊதுகிற நாக்குதான் சீவாளி. அவர் ஒன்றை வாயில் அதக்கி ஊறவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊசியால் அதன் வாயை லேசாக விரித்து ஊதினார். திருப்தி இல்லை. வேறொன்று. நாலாவதுதான் அவருக்குச் சரிப்பட்டது. அதை எடுத்து பூபாளத்தில் முதல் பிடியைப் பிடித்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் காபிக்கு வரிசையில் நின்றார்கள்.

நடுவில் படம் எடுக்கிறவர்கள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஆலாபனை பாதியில் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவன் அந்த நேரத்தில் யாரோடு மல்லுக்கு நிற்பது? கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டினால் வாசி, படத்துக்குக் கையை ஆட்டினால் நிறுத்து என்றால் அது ஒரு கலைஞருக்குச் செய்கிற மரியாதையே இல்லை.

தாலி ஏறி, கூட்டம் பந்திக்குப் போன பிறகு நாயனக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, தூளி ஆடின உத்திரம்னு சொன்னீங்களே. காலையில வாசிக்கிற ராகம் இல்லைதான்... உங்களுக்காக." நீலாம்பரி. பள்ளியறையில் சாமியைத் தூங்கவைக்கிற ராகம். ஐந்து நிமிஷம் இருக்கும். தவில் அடங்கியிருந்தது, தாளம் மட்டும் மெல்ல. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அம்மா போனபோது ஒரு தடவை, இது இரண்டாவது.

உங்கள் வீட்டு விசேஷங்களில் மேளம் கேட்ட அனுபவங்களையும் எழுதுங்கள்.

தவில்காரர் மகன்:

அண்ணே, நீங்கள் பெண் வீட்டுப் பக்கம் நின்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அப்பா நாற்பது வருஷம் தவில் வாசித்தவர்.

எங்கள் வீட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி பசை காய்ச்சுகிற வாசனை வரும். விரலில் மாட்டுகிற கூட்டுக்குத்தான். தவிலின் வலது பக்கத்தை, அதாவது வலந்தலையை, விரலால் அடிக்கிறவர்கள் வெறும் விரலோடு அடிக்க முடியாது. துணியை நாடா நாடாவாகக் கிழித்துப் பசையில் தோய்த்துச் சுற்றி, காயவைத்து, விரலுக்குக் கவசம் மாதிரி மாட்டிக்கொள்வார்கள். கிழித்த துணியை நீட்டிப் பிடிக்கிறது என் வேலை. பழைய வேட்டிதான் நல்லது, புதுத்துணியில் பசை ஏறாது என்பார் அப்பா. காய்ந்த கூட்டைத் திண்ணையில் தட்டிப் பார்ப்பார். டக்கென்று கல் மாதிரி கேட்க வேண்டும். இடது கைக்குக் கம்பு. பூவரசங்கம்பு. தவிலின் கட்டை பலா மரம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் அம்மா மளிகைக்கடைப் பக்கம் போகமாட்டார், எங்களைத்தான் அனுப்புவார். அந்த மாதங்களில்தான் அப்பா வீட்டில் இருப்பார், எங்களுக்குச் சொற்கட்டு சொல்லிக்கொடுப்பார் என்பதும் உண்மை. சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் விரல் ஓடும். "தகிட தகதிமி" என்று நான் சொல்ல, அவர் சோற்றைப் பிசைந்தபடியே மோரா என்கிற முடிப்புக்கு வந்து சேர்வார். நான் தவிலை எடுக்கவில்லை. என்னைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பினார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது. இரண்டையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த ஆலாபனையை நிறுத்திய விஷயம். அப்பாவுக்கு அது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் "இன்னிக்கு ஒருத்தர் கடைசிவரைக்கும் உக்காந்து கேட்டார்" என்று சொல்லும் நாளில் ராத்திரி இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிடுவார். உங்கள் அப்பா மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த நாயனக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அளவெட்டிப் பேத்தி:

நான் டொரன்டோவில் பிறந்தவள். மேளம் எனக்கு அம்மம்மாவின் வாய்வழியாக வந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் சாமி வீதி சுற்றிவரும்போது நாலைந்து செட் மேளகாரர் சேர்ந்து வாசிப்பதை மேளச்சமா என்பார்கள். சனம் பாயும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்து வீதி மணலில் இருந்துவிடும். விடிய விடிய நடக்கும். "பிள்ளை, நித்திரை கொள்ளாதை, இப்பத்தான் சமா சூடு பிடிக்குது" என்று அம்மம்மாவின் ஐயா அவரைத் தட்டி எழுப்புவாராம்.

தவில்மேதை தட்சணாமூர்த்தி பிறந்தது இணுவிலில், இருந்தது எங்கள் அளவெட்டியில். 1975 இல் அவர் காலமானார். தமிழ்நாட்டு நாதஸ்வரக்காரர்களுக்கும் வாசித்தவர். அவருடைய வாசிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அம்மம்மா அடுப்பில் இருக்கிறதை மறந்துவிடுவார். "கை தெரியாது பிள்ளை, சத்தம் மட்டுந்தான் வரும்."

என் கலியாணம் இங்கே மாசி மாதத்தில். வெளியே பனி. தவிலைக் காரிலிருந்து இறக்கி மண்டபத்துக்குள் வைத்து, ஒரு மணி நேரம் அதைத் தொடவே இல்லை தவில்காரர். "குளிரிலயிருந்து சூட்டுக்கு வந்தா தோல் இழுத்துப்போடும் தங்கச்சி, அது அடங்கட்டும்" என்றார். அம்மம்மா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி வாசித்ததும் எனக்கு அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் வந்தது.

குத்தாலம் பக்கத்து ஆள்:

இரண்டு பேர் எழுதியதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தவில்காரர் மகன் எழுதியதை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்.

இன்னொரு விஷயம். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில், நரசிங்கம்பேட்டைக்குக் கூட்டிப்போ என்றார். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் நாங்கள் போனதில்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் என்கிற நீளமான நாயனத்தைச் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. 2022 இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையில் ஒரு கட்டை கடைசலில் சுழன்றுகொண்டிருந்தது. மேலே கருத்திருந்த மரம் உளி பட்டதும் உள்ளே செம்மண் நிறத்தில் சுருள் சுருளாக விழுந்தது. விரல் வைக்க ஏழு துளை, அதற்குக் கீழே ஐந்து. அந்த ஐந்தை மெழுகால் அடைத்தும் திறந்தும்தான் சுருதியைச் சரிசெய்வார்களாம். கீழே மாட்டுகிற, புனல் மாதிரி விரிந்த அணசு வாகை மரம். அப்பா 1986 இல் சைக்கிளில் வந்தவரைப் பற்றிக் கேட்டார். அவர் இல்லை. அவரிடமிருந்து எத்தனை நாயனம் எங்கெங்கே போனது என்று இனி யாருக்கும் தெரிய வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் கொல்லைக்குப் போனார். மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கட்டையைத் தட்டிப் பார்த்தார். பழைய வீட்டு உத்திரத்தில் மிச்சமான துண்டு, நாலடி இருக்கும். "கொட்டகைக்கு வேற முட்டு பார்த்துடு. இதை அந்தப் பட்டறைக்குச் சொல்லிவிடு" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக ஆள் வருகிறது.