திருத்தணியில் மயிலுக்குப் பதிலாக யானை நிற்பது ஏன்?

தேன்மொழி:
போன கிருத்திகைக்குத் திருத்தணி சென்றிருந்தோம். சன்னிதிக்கு எதிரே மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கிறது. அதுவும் முருகனைப் பாராமல் கிழக்கு நோக்கி. "நந்தி சுவாமியை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை, இது மட்டும் ஏன் முதுகைக் காட்டுகிறது?" என்று மகள் கேட்டாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலடிமை:
அது ஐராவதம். தெய்வானையை மணம் முடித்துக் கொடுத்தபோது இந்திரன் தந்த சீர் என்பார்கள். யானை வந்தபின் தேவலோகத்தின் வளம் குன்றியது. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்க முடியுமா? அதன் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று வேண்டினான். கிழக்கு இந்திரனுடைய திசை. சுவாமிமலையிலும் மயிலுக்குப் பதிலாக யானைதான்.

கந்தசட்டி அடியவன்:
கதை சரி. மயில் யார் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள் அம்மா. கந்தபுராணத்தின்படி போர்க்களத்தில் முருகனைச் சுமந்த மயில் இந்திரன். இன்று நாம் கும்பிடும் மயில் சூரபதுமன்! திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் நிற்கும். சூரனின் உருவத்தைத் தூக்கி வருவார்கள். யானைத்தலை, சிங்கத்தலை, சூரனின் சொந்தத் தலை என ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். வேல் பாயப் பாயக் கழற்றுவார்கள். பிறகு மாமரம். அது பிளந்து மயிலும் சேவலும் ஆகிறது. மயில் வாகனம், சேவல் கொடி. அவ்வளவு கொடுமை செய்தவனை அழிக்காமல் கூடவே வைத்துக்கொள்கிறான் பாருங்கள், எனக்கு முருகன் மேல் தீராத பிரியம் வந்தது இதனால்தான். ஆணவம் அழிவதில்லை, அடங்கும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதும் இதைத்தான்.

திருத்தணியோ போர் முடிந்து சினம் தணிந்த மலை. கந்தசட்டியன்று அங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். போரை நினைவூட்டும் மயில் இல்லாமல் மணச்சீராக வந்த யானை நிற்பது அந்த இடத்துக்கு மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

சிற்பப்பித்தன்:
அழியாமல் அடங்கியவர்கள் வரிசையில் நடராசர் காலடியில் கிடக்கும் அசுரன் முயலகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் அவனைச் செத்தவன் என்றே நினைக்கிறார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அருகே போய்ப் பாருங்கள்: தலையை நிமிர்த்தி, கையில் பாம்பைப் பிடித்தபடி உயிரோடுதான் கிடக்கிறான். திருவாலங்காட்டு நடராசர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். மகளை அழைத்துப் போய், முதலில் அந்தக் காலடியைக் காட்டுங்கள்.