"இவர்கள் பாடும் இடம் எது?" – எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் இசையும் பெண்களும்: அனுபவப் பகிர்வு

டூட்டிங்வாசி எழுதியது:

1984 டிசம்பரில் தென் லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையின் கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, பாப் பாடகர்கள் பலர் பேண்ட் எய்ட் என்ற பெயரில் ஒன்றுகூடிப் பாடிய அந்தக் கிறிஸ்மஸ் பாட்டின் கதை இங்கே எல்லோரும் அறிந்ததுதான். ஆகவே நேராக நடந்ததற்கு வருகிறேன். செய்தித்தாளில் வந்த குழுப் படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தோம். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, கை நிறையச் சில்லறையோடு வந்தவள், அந்தப் படத்தில் பனானராமா குழுவின் பெண்கள் மூவரையும் விரலால் காட்டி, "இவர்கள் பாடும் இடம் எது?" என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் அந்தப் பாட்டை இருபது முறையாவது கேட்டிருப்பேன். ஆனாலும் பதில் சொல்ல வரவில்லை. ஊசியை எடுத்து மறுபடியும் தொடக்கத்தில் வைத்தேன். பால் யங் தொடங்கினார். பாய் ஜார்ஜ், ஜார்ஜ் மைக்கேல், சைமன் லெ பான், ஸ்டிங், போனோ என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். "கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள் அல்லவா, அதில் இருக்கிறார்கள்" என்றேன். அவள் ஒலிபெருக்கியின் அருகே போய், பாட்டு தேய்ந்து அடங்கும் வரை காதைச் சாய்த்து நின்றாள். "குரல் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டு, சில்லறையை எண்ணி வைத்துத் தட்டை வாங்கிப் போனாள்.

நவம்பர் 25 அன்று நாட்டிங் ஹில்லில் உள்ள சார்ம் வெஸ்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போன பெண் பாடகிகள் நால்வர்: பனானராமாவின் மூவரும், ஷாலமார் குழுவின் ஜோடி வாட்லியும். தனி வரி ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதே நோக்கத்துக்காகப் பாடியபோது டினா டர்னருக்கும் டயானா ராஸுக்கும் டியோன் வார்விக்குக்கும் சிண்டி லாப்பருக்கும் தனித்தனி வரிகள் இருந்தன என்பதால், வேறு வழியில்லை என்று இதை ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

தம்பி86 எழுதியது:

லண்டனின் டென்மார்க் தெரு இசைக்கருவிக் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1986-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டு வயதான அக்கா, பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தோடு ரோலண்ட் எஸ்எச்-101 என்ற சின்தசைசர் (மின்னணுக் கட்டைக் கருவி) வாங்கப் புறப்பட்டாள்; நான் துணைக்குப் போனேன். அக்காவுக்குச் சிறு வயது முதலே வீணைப் பயிற்சி உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஒலிக்கும் அந்தக் கருவியில், சுரத்தை வளைக்கும் நெம்புகோலைக் கொண்டு கமகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல மாத ஆசை.

கடைக்காரரிடம் கருவியின் பெயர், விலை, பழையது கிடைக்குமா என்று எல்லாம் கேட்டவள் அக்காதான். அவர் பதிலை என்னிடம் சொன்னார். பிறகு சிவப்பு நிறக் கருவி ஒன்றை எடுத்து, தோளில் மாட்டும் பட்டையை அவள் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, "எந்தக் குழுவில் வாசிக்கிறாய், பையா?" என்று கேட்டார். ச, ப எது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அக்கா எதுவும் பேசவில்லை. நாங்கள் வெறுங்கையோடு சுரங்க ரயிலில் வீடு திரும்பினோம்.

வெம்ப்ளி மாமா எழுதியது:

1985 ஜூலை 13 அன்று, அதே பஞ்சத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சிக்கு வெம்ப்ளி மைதானத்தில் நான் இருந்தேன். பிற்பகல் வெயிலில் பாடகி ஷாடே மேடையேறி, ஒரு வார்த்தையைக்கூட உரக்கச் சொல்லாமல் பாடியபோது, என்னைச் சுற்றிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அமைதி இன்றும் என் காதில் இருக்கிறது.

மேலே எழுதிய இருவரிடமும் மரியாதையோடு மாறுபடுகிறேன். எண்பதுகளில் பெண்கள் இல்லை என்று சொல்வது அந்தப் பெண்களுக்கே இழைக்கும் அநீதி. 1980-இல் பாடகி கேட் புஷ்ஷின் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பிரிட்டிஷ் தனிப்பாடகி ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. யூரித்மிக்ஸின் ஆனி லெனாக்ஸ், யாசூ குழுவில் தொடங்கித் தனியே புகழ் பெற்ற ஆலிசன் மொயே, கிம் வைல்ட், ஸ்பெஷல்ஸ் குழுவோடு ஒரே இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்த செலக்டர் குழுவின் பாலின் பிளாக், தாங்களே எல்லாக் கருவிகளையும் வாசித்த பெல் ஸ்டார்ஸ், ஹெவி மெட்டலில் கேர்ள்ஸ்கூல் என்று என் வீட்டு அலமாரியே சாட்சி சொல்லும். டூட்டிங் சகோதரி பேண்ட் எய்டைக் குறிப்பிட்டார். 1989-இல் அதே பாட்டு மறுபதிவானபோது கைலி மினோக்தான் முதலில் பாடினார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். திறமை இருந்தவர்கள் மேலே வந்தார்கள். இசைக்கருவிக் கடையில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தை வைத்து ஒரு பத்தாண்டையே எடை போட வேண்டாம்.

நாடாக்காரி எழுதியது:

மாமா, உங்கள் அலமாரியில் இருப்பவை இசைத்தட்டு உறைகள். உறையில் முகம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. கைலி ஆஸ்திரேலியர் என்பதையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். வெம்ப்ளியில் பெண் முன்னின்று நடத்திய ஒரே குழு ஷாடேயுடையது. ஆலிசன் மொயே பால் யங்கோடும், கிக்கி டீ எல்டன் ஜானோடும் சேர்ந்து பாட வந்தவர்கள். அன்று முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்த உங்களுக்கு அது கண்ணில் படாமல் போனது எனக்கு வியப்பாக இருக்கிறது.

என் அனுபவம் சிறியது. 1987-இல் லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தின் வரவேற்பு மேசையில் ஆறு மாதம் தற்காலிக வேலை பார்த்தேன். அங்கே நாடா இயக்கும் உதவியாளர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். ஒரு நாள் இரவு, இரண்டு அங்குல அகலமுள்ள மூல நாடாவைச் சவரத்தகட்டால் சாய்வாக வெட்டி, ஒரு பல்லவியை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். கை சற்றுப் பிசகினால் ஒரு வார உழைப்பு போய்விடும் என்பதால் அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போது உள்ளே வந்த குழுவின் மேலாளர், தகடு அவர் கையில் இருக்கும்போதே, "எனக்குப் பால் சேர்த்து, சர்க்கரை இரண்டு" என்றார். அவர் நிமிராமலே வெட்டி, ஒட்டி, நாடாவை ஓட்டிக் காட்டினார். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவேயில்லை. பிறகு எழுந்துபோய்த் தேநீர் போட்டார்.

திறமை இருந்தவர்கள் மேலே வந்தார்கள் என்கிறீர்களே, யார் அனுமதித்து வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கேட் புஷ் 1982-இல் ஆல்பத்தைத் தானே தயாரித்தார். அடுத்ததற்குப் பெற்றோர் வீட்டுப் பண்ணைக் களஞ்சியத்தில் சொந்தக் கூடமே கட்டிக்கொண்டார். அத்தனை வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? ஏபிசி குழுவின் புகழ்பெற்ற முதல் ஆல்பத்துக்கு வயலின் கோவைகளை எழுதிய ஆன் டட்லியின் பெயரையும், நியூ ஆர்டர் குழுவில் கீபோர்டும் கிட்டாரும் வாசித்த கில்லியன் கில்பெர்ட்டின் பெயரையும் உங்கள் பட்டியலில் நான் காணவில்லை. பாட்டை ஊருக்குக் கொண்டுசேர்த்த பிபிசியின் 'ரேடியோ 1' வானொலியில் 1970-இல் சேர்ந்த ஆனி நைட்டிங்கேல், 1982-இல் ஜானிஸ் லாங் வரும் வரை, அங்கே ஒரே பெண் அறிவிப்பாளராக இருந்தார். ஷெஃபீல்டின் ஒரு நடனக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த பள்ளி மாணவிகள் இருவரை ஹியூமன் லீக் குழு சேர்த்துக்கொண்ட கதையை எல்லோரும் விருப்பத்தோடு சொல்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த பெண்ணைத் தேடிப்போன கதையை நான் அதிகம் கேட்டதில்லை.

லெஸ்டர் வாசகி எழுதியது:

1982 வசந்தத்தில், மன்சூன் குழுவின் "எவர் ஸோ லோன்லி" பாட்டு பிரிட்டிஷ் விற்பனைத் தரவரிசையில் பன்னிரண்டாம் இடம் வரை ஏறியிருந்தபோது, ஷீலா சந்திரா தொலைக்காட்சியில் பாடுவதைக் கண்ட அப்பா, மாடியில் இருந்த எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினேழே வயதான, தென்னிந்தியப் பூர்வீகம் கொண்ட ஒரு பெண், சித்தாரும் தபலாவும் ஒலிக்க, ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தார். அப்பா மாடிப்படியின் கீழே ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடி, பாட்டு முடியும் வரை உட்காராமலே நின்றார். முடிந்ததும், "இந்தப் பிள்ளையை வீட்டில் எப்படி விட்டார்கள்?" என்றார். அது வியப்பா, கண்டிப்பா என்று எனக்குப் பதினான்கு வயதில் புரியவில்லை. பள்ளியில் பாட்டுக் குழுவில் சேர அனுமதி கேட்கும் கடிதம் என் பையில் இருந்தது. அன்று இரவு அதை நான் வெளியே எடுக்கவில்லை.

ஈயப்பற்று எழுதியது:

எனக்கும் அதே டென்மார்க் தெருவில், 1988-இல், கருவி பழுதுபார்க்கும் மேசையில் வேலை இருந்தது. பெண்கள் கொண்டுவரும் கருவிகளின் ரசீதில் பெரும்பாலும் அவர்களுடைய காதலர் அல்லது அண்ணனின் பெயரை எழுதும்படி எங்கள் முதலாளி சொல்லுவார், நானும் எழுதினேன்.

தம்பி86 அவர்களுக்கு ஒரு யோசனை. அக்கா இப்போது எஸ்எச்-101 வாங்க நினைத்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் அடிப்பக்க மின்கல அறையைத் திறந்து பாருங்கள்; அது ஆறு மின்கலங்களில் ஓடுவது, பலர் அவற்றை உள்ளேயே விட்டுக் கசிய விட்டிருப்பார்கள். பச்சைப் படிவு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், உள் பலகை வரை பரவியிருந்தால் வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு நகர்த்தியையும் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்யலாம். முப்பத்திரண்டு கட்டைகளையும் தனித்தனியே அழுத்துங்கள். இரண்டு முறை ஒலிப்பவற்றுக்குத் தொடுமுனை தேய்ந்திருக்கும். வளைக்கும் நெம்புகோல் கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்புகிறதா என்பது, கமகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சாம்பல் நிறமே போதும். சிவப்பும் நீலமும் அரியவை என்று விலையை ஏற்றிவிடுவார்கள். பட்டை இல்லாமல் விற்றால் கவலை வேண்டாம், கிட்டார் பட்டை பொருந்தும்.

தம்பி86 எழுதியது:

ஈயப்பற்று ஐயாவுக்கு நன்றி. உங்கள் குறிப்பை அக்காவுக்கு நேற்று தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நெம்புகோலைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அந்தக் கடைக்காரரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகமே நினைவில் இல்லையாம். "நீதான் அந்தப் பட்டையைக் கழற்றாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றாய்" என்றாள்.

அந்தக் கடையில் கண்ணாடி இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.