தலையணைக்கு அடியில் சக்‌ஷன்: மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போன அனுபவம், உங்களுக்கும் உண்டா?

மயக்க மருத்துவர், அரசுப் பணி:

ராத்திரி 2.30 மணி. குடல் அடைப்போடு வந்த 60 வயதுப் பெரியவர். மூன்று நாளாக வாந்தி, வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க வார்டிலேயே மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டிருந்தார்கள். பையில் அரை டம்ளர்கூட இல்லை. வயிறு காலி என்று நினைத்துக்கொண்டேன். ட்யூப் தொண்டைக்குள் மடங்கிக் கிடந்தது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று நிமிடம் ஆக்சிஜன், மயக்கத்துக்குத் தயோபென்டோன், தசை தளர சக்சினைல்கோலின், வயிற்றில் இருப்பது மேலே வராமல் கழுத்தை அழுத்தும் அசிஸ்டென்டின் விரல். எல்லாம் முறைப்படிதான். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை விட்டால், குரல்நாண் தெரிய வேண்டிய இடத்தில் பச்சையாக ஊறி மேலே வருகிறது. கையை நீட்டினேன், அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாய் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குழாயை சர்ஜன் பக்கம் மாட்டி வைத்திருந்தார்கள். அது என் கைக்கு வர 20 விநாடி ஆகியிருக்கும். மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, உறிஞ்சி, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, அதைச் சுற்றி அடைக்கும் பலூனான கஃப்பை ஊதி, முதல் மூச்சு கொடுக்கும் முன் ட்யூப் வழியாகவும் உறிஞ்சினோம். அப்படியும் வலது நுரையீரலில் கரகரப்பு.

11 நாள் வென்டிலேட்டர். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னீங்களே சார், அப்பா ஏன் இன்னும் கண்ணு முழிக்கல?" என்று ஐ.சி.யூ. வாசலில் மகன் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மருந்து ஏற்றும் முன் தலையணைக்கு அடியில் கையை விட்டு, ஓடுகிற சக்‌ஷன் உள்ளங்கையை இழுக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

தியேட்டர் நர்ஸ்:

சார், கழுத்தை அழுத்துற வேலையை எங்களுக்கு யாரும் ஒழுங்காச் சொல்லித் தர்றதில்லை. புதுசா வர்றவங்க குரல்வளை மேட்டையே அழுத்துறாங்க. அதுக்குக் கீழே மோதிரம் மாதிரி தட்டுப்படுற கிரிகாய்டைத்தான் அழுத்தணும். 1961-ல் செல்லிக்ங்கிற டாக்டர் சொன்ன முறை. முழிச்சிருக்கும்போது 10 நியூட்டன் விசை, நினைவு போனதும் 30, அதாவது சுமார் மூணு கிலோ கனம். எங்க மேடம் சமையல் தராசைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கிட்டு மூணு கிலோ வர்ற வரைக்கும் அழுத்தச் சொல்வாங்க. விரலுக்கு அந்தக் கனம் பழகிடுச்சு. கஃப் ஊதி, ட்யூப் சரியான இடத்துல இருக்குன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன். நோயாளி தானா வாந்தி எடுக்க ஆரம்பிச்சா மட்டும் உடனே விட்டுடணும், உணவுக்குழாய் கிழிஞ்சிடும்.

முதுநிலை மாணவர்:

பிரான்சில் 3,472 பேரிடம் நடந்த ஆய்வில், நிஜமாக அழுத்தியவர்களில் 0.6 சதவீதம், அழுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தவர்களில் 0.5 சதவீதம் பேருக்குத்தான் ஆஸ்பிரேஷன், அதாவது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போவது. அதனால் விரலை மட்டும் நம்ப முடியவில்லை. போன மாதம் ஒரு அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். 10 மணி நேரம் சாப்பிடவில்லை. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தால் உள்ளே கெட்டியாக உணவு. எடை குறைய வாரா வாரம் செமாக்ளுடைட் ஊசி போட்டுக்கொள்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. வயிறு காலியாவதை அது தாமதமாக்கும். அவசரமில்லாத ஆபரேஷன் என்பதால் தள்ளிவைத்தோம்.

ஒரு அம்மா:

நான் மருத்துவத் துறை இல்லை. என் பையனுக்கு நாலு வயதில் ஹெர்னியா ஆபரேஷன். "ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சத்தியமாகத்தான் சொன்னேன். டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு என் மாமியார் பக்கம் திரும்பி, "பாட்டிம்மா, நீங்க என்ன குடுத்தீங்க?" என்றார். "பசிக்குதுன்னு அழுதான், ஒரு டம்ளர் பால்தான் குடுத்தேன். சாப்பாடு எதுவும் குடுக்கலையே" என்றார் அத்தை. விடியற்காலை 5 மணிக்கு. ஆபரேஷன் மறுநாளுக்குப் போனது. அன்றைக்குக் கோபம் வந்தது. மேலே உள்ளதைப் படித்த பிறகு அந்த டாக்டரம்மாவை நினைத்து அழுதுவிட்டேன்.

மயக்க மருத்துவர், அரசுப் பணி:

அம்மா, பால் வயிற்றுக்குள் போனால் திரிந்து கெட்டியாகிவிடும். அதற்கு 6 மணி நேரம் வேண்டும், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன். "காலையிலிருந்து வாயில் என்னென்ன போச்சு? ஊசி ஏதாவது போடுறீங்களா?" என்று கூட வந்தவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.