பான்ஷான் குடத்தை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்கலாமா?

கேள்வி
வணக்கம். ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டில் ஒரு கடையில் குடம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். தோளில் கறுப்பும் சிவப்புமாய்ச் சுழிக்கோலம், கறுப்புக் கோட்டின் ஓரமெல்லாம் ரம்பப் பல். சீனாவின் கன்சு மாகாணத்து பான்ஷான் வகை, 4,000 ஆண்டுக்கு மேல் பழையது என்கிறார்கள். டிஎல் (வெப்ப ஒளிர்வு) சோதனைச் சான்றிதழும் இருக்கிறது. ஈரப் பஞ்சில் சாயம் ஒட்டாவிட்டால் அசல் என்கிறார் நண்பர். பக்கத்திலிருக்கும் ஹான் அரசமரபுக் காலத்து ஜாடியையும் அப்படியே பார்த்துவிடலாமா?

பதில் 1
ஜாடியைத் தொடவே தொடாதீங்க! பான்ஷான் குடத்துல சுடுறதுக்கு முன்னாடியே தீட்டிடுவாங்க, நிறம் மண்ணோட இறுகிடும். ஹான் ஜாடியில சுட்ட பிறகுதான் வெள்ளைப் பூச்சு, அதுக்கு மேல வண்ணம். தண்ணி பட்டா போச்சு. இருபது வருஷம் முன்னாடி நான் அப்படித் துடைச்சேன். ஒரே இழுப்புல மேகக்கோலத்தோட சிவப்பு பஞ்சுக்கு வந்துடுச்சு. இன்னிக்கும் அந்த வெளிறின இடத்தைப் பார்த்தா மனசு வலிக்குது.

குடத்துல ஒட்டலைன்னாலும் அசல்னு அர்த்தமில்லை. டிஎல் சோதனை, மண்ணு கடைசியா எப்போ சூடேறுச்சுன்னுதான் சொல்லும். கோலமில்லாத பழைய பானையை எடுத்து இப்போ வரைஞ்சிருந்தா சோதனையில தெரியாது. லென்ஸ் எடுத்துட்டுப் போங்க. பழைய சில்லு, விரிசல் இருக்கிற இடத்துல வண்ணம் உடைப்போட நின்னுடுச்சா, உள்ளேயும் இறங்கியிருக்கான்னு பாருங்க. உள்ளே இறங்கியிருந்தா, உடைஞ்ச பிறகு வரைஞ்சதுன்னு அர்த்தம். மண்ணுப் படிவு வண்ணத்துக்கு மேல இருக்கணும், கீழே இல்லை. அப்புறம் குடத்தைத் தரையில வெச்சு நேர் மேலேருந்து ஒருதரம் பாருங்க. கழுத்தைச் சுத்திப் பூ விரிஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு.

பதில் 2
அசலாகவே இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஸ்வீடன் ஆய்வாளர் ஆண்டர்சன் 1924இல் பான்ஷான் கல்லறைகளைக் கண்டறிந்த காலத்திலிருந்தே இந்தக் குடங்களுக்கு விலை உண்டு, அதனால் திருட்டுத் தோண்டலும் உண்டு. சிங்ஹாய் மாகாணத்தின் லியூவானில் 1974இலிருந்து முறைப்படி தோண்டியதால்தான் 1,500க்கும் மேற்பட்ட கல்லறைகளில் யாருக்கு எத்தனை பானை வைத்தார்கள் என்று தெரிந்தது. ஒரே கல்லறையில் மட்டும் 91. திருடியெடுத்த குடத்தில் அந்தக் கணக்கு எதுவும் மிஞ்சாது. பழைய விற்பனைச் சீட்டு இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

கேட்டவர்
இன்று லென்ஸோடு போனேன். வாய் விளிம்பில் நகக்கண் அளவு பழைய சில்லு. கறுப்புக் கோடு அதற்குள்ளும் வழிந்து இறங்கியிருக்கிறது. சீட்டும் இல்லையாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். ஜாடியைத் தொடவில்லை.