கள்ளிமந்தாரைக் குச்சி: தண்ணீரில் வைக்கலாமா, காயவைத்து நடலாமா?

மாடித்தொட்டி: நண்பர் ஒருவர் கள்ளிமந்தாரைக் கிளை வெட்டிக் கொடுத்தார். ஒன்றரை அடி நீளம், சாம்பல் நிறத் தோல், நுனியில் ஏழெட்டு இலை. இதற்கு முன் மூன்று குச்சிகளை அழுகவிட்டவன் நான். மூன்றுக்கும் ஒரே கதைதான்: நட்டேன், இலை துளிர்த்தது, பிழைத்துவிட்டது என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன், அடி கறுத்துப் போனது. இந்த முறை பாட்டில் தண்ணீரில் வைக்கலாமா? வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாமே.

நீர்ச்சுழி: தாராளமாக வையுங்கள். நான் எட்டுக் குச்சி வைத்தேன், எட்டும் வேர் பிடித்தது. அடி இரண்டு அங்குலம் நனைந்தால் போதும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றணும், அவ்வளவுதான். நாலாம் வாரம் வெள்ளை வெள்ளையாக வேர்.

காய்ந்தகிளை: மூன்று குச்சியை ஈரத்தில் கொன்றவருக்கு இன்னும் ஈரம் சொல்கிறீர்களே! இது ரோஜாக் குச்சி இல்லை. தண்டிலேயே தண்ணீரும் மாவுச்சத்தும் சேர்த்து வைத்திருக்கும் செடி. வெட்டுவாயில் பால் வடியும். அது நின்று, காய்ந்து, தோல் கட்ட ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன் நனைத்தால் திறந்த புண்ணில் பூஞ்சை ஏறும்.

மாடித்தொட்டி, உங்களை ஏமாற்றியது அந்த இலைதான். வேர் இல்லாமலே தண்டின் சேமிப்பைச் செலவழித்து இலை விடும், சில சமயம் பூங்கொத்தே விடும். துளிர் தெரிந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூ வந்தால் கிள்ளி எறியுங்கள்.

நீர்ச்சுழி: காயவைக்கிறேன் என்று சுருங்கி விறகாகிப் போன குச்சிகளை யார் கணக்கில் சேர்ப்பது? மெல்லிய குச்சியாக இருந்தால் இரண்டு வாரத்தில் அதன் கதை முடிந்துவிடும்.

காய்ந்தகிளை: மெல்லிய குச்சி சீக்கிரம் வற்றும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், பச்சையாக இல்லாமல் சாம்பல் நிறத்துக்கு வந்த தண்டை எடுக்கச் சொல்வது. சுருக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சுருங்கியும் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அமுக்கினால் கொழகொழவென்று இருந்தால்தான் அழுகல். அப்போதும் உடனே எறிய வேண்டியதில்லை. உள்ளே கறை இல்லாத வெள்ளை தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய், மறுபடி காயவைக்கலாம். ஒன்றரை அடிக் குச்சியை அரை அடியாக்கிக் காப்பாற்றியிருக்கிறேன்.

விதைப்பெட்டி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீர்ச்சுழி, உங்கள் எட்டுக் குச்சியின் இலை எப்படி இருக்கும்?

நீர்ச்சுழி: நாகம் படம் எடுத்த மாதிரி. வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக.

விதைப்பெட்டி: அதுதான் பார்த்தேன். அது கள்ளிமந்தாரையில் புடிகா என்ற இனம். அதைத் தண்ணீரில் வைத்தாலும் வரும், மண்ணில் குத்தினாலும் வரும். கூரான இலை உள்ள, பல நிறத்தில் பூக்கிற ரூப்ரா அப்படி இல்லை. தண்ணீரில் சிலது வரும், சிலது அழுகும். இலை நுனி வட்டமாக, கரும்பச்சையாகப் பளபளக்கும் அப்டூசா இன்னும் பிடிவாதம். இனத்தைச் சொல்லாமல் இரண்டு பேரும் சண்டை போட்டால் எப்படி?

நீர்ச்சுழி: சரி, எட்டும் புடிகாதான். ஆனால் ரூப்ரா தண்ணீரில் வரவே வராது என்று நீங்களும் சொல்லவில்லையே.

காய்ந்தகிளை: வரும். அப்புறம் மண்ணுக்கு மாற்றும்போது ‘டப்’ என்று ஒடியும். இதன் இளவேர் அவ்வளவு நொறுங்கல். மாடித்தொட்டியிடம் இருப்பது ஒரே ஒரு குச்சி. அதில் எதற்குச் சூதாட்டம்?

மாடித்தொட்டி: என் இலை கூர் நுனிதான். அப்படியானால் ரூப்ரா. வேர் வரத் தூண்டும் வேர்ப்பொடி தடவணுமா?

விதைப்பெட்டி: இருந்தால் தடவுங்கள், இல்லாவிட்டால் கவலை வேண்டாம். சூடுதான் முக்கியம். வேர்ப்பகுதி 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கதகதப்பில் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். குளிரில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். இலைகளையெல்லாம் எடுத்துவிடுங்கள், அதன் வழியாகத்தான் ஈரம் போகும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலிலும் சிலருக்கு அரிக்கும்.

காய்ந்தகிளை: கலவைக்குப் பாதி பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த வெள்ளைத் துகள்) அல்லது பெருமணல், பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). மூன்று நாலு அங்குலம் ஆழம் போதும். ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டிவிடுங்கள். ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். நட்டதும் ஒரு முறை தண்ணீர். அப்புறம் கலவை நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். வேர் பார்க்கணும் என்ற ஆசைக்கு ஒரு வழி இருக்கிறது: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் ஓட்டை போட்டு நடுங்கள். வேர் ஓரத்துக்கு வந்தால் வெளியிலிருந்தே தெரியும்.

நீர்ச்சுழி: ஆக, பாட்டில் யோசனை சரி, தண்ணீர் மட்டும்தான் தப்பு என்கிறீர்கள்.

காய்ந்தகிளை: அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடித்தொட்டி: இலைகளைக் கத்தரித்து, குச்சியை நிழலில் படுக்கவைத்துவிட்டேன். பால் நின்றுவிட்டது. தண்ணீர்க் குவளையை வீட்டில் இருப்பவர்களிடம் ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கையை நானே நம்புவதில்லை.

நீர்ச்சுழி: ஒரு புடிகாக் குச்சியும் தேடிப் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றாமல் எட்டு வாரம் கை சும்மா இருக்காது உங்களுக்கு.