தேரடியில் பிரித்து மண்ணடியில் மூடிய நாவல்கள்

தேரடி வாசகி

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் மண்ணடி போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம். போக வர நாற்பது. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் படித்த நாவல்கள் எல்லாமே இந்த நாற்பது நிமிடத்தில் படித்தவைதாம். வீட்டில் யார் படிக்க விடுகிறார்கள்? புதுவண்ணாரப்பேட்டை வரை ரயில் மேலே, வெளிச்சத்தில் போகும். பிறகு பூமிக்குள் இறங்கிவிடும். கதையில் யாராவது சாகிற இடம் எப்படியோ சுரங்கத்துக்குள் போன பிறகுதான் வாய்க்கிறது.

நம் வடசென்னை வட்டாரத்தில் இருந்துகொண்டு படித்ததாலேயே வேறு மாதிரித் தெரிந்த புத்தகம் ஏதாவது உங்களுக்கு உண்டா? துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, மாயக் கதை எதுவானாலும் சரி. விமர்சனம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய 'தி டெயின்டட் கப்'. 2024இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றது. ஒரு பேரரசு. மழைக்காலம் வந்தால் கடலிலிருந்து மலை போன்ற மிருகங்கள் கரையேறும். அவற்றைத் தடுக்கக் கடலோரம் நெடுகச் சுவர். அந்த நாட்டில் செல்வர் மாளிகை ஒன்றில் ஓர் அதிகாரி செத்துக் கிடக்கிறார். உடலைப் பிளந்துகொண்டு ஒரு மரம் முளைத்து நிற்கிறது! துப்பறிபவர் அனா என்கிற அம்மாள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார். அவருக்காகப் போய்ப் பார்த்து வருபவன் தின் என்ற இளைஞன். பார்த்தது எதுவும் மறக்காதபடி மாற்றியமைக்கப்பட்டவன். சிறு குப்பிகளில் வாசனைகள் வைத்திருக்கிறான். எதை முகர்ந்துகொண்டு ஒன்றைப் பார்த்தானோ, அதையே மறுபடி முகர்ந்தால் பார்த்ததெல்லாம் வரிசையாகத் திரும்பி வரும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததே, நினைவிருக்கிறதா? என் சின்னம்மா வீடு அந்தப் பக்கம்தான். வெள்ளம் வடிந்தபின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் வைத்து இரண்டு பேர் மாறி மாறித் தேய்த்தோம். கோடு அகலமானதுதான் மிச்சம். தேய்த்த நாரை முற்றத்தில் போட்டிருந்தோம், அதைக் காக்கைகூடக் கொத்த வரவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரு குப்பியில் இருக்கிறது. பெட்ரோல் பங்கைக் கடந்தாலே மூடி திறந்துகொள்ளும்.

கொலையாளி யார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பெயர்களும் பதவிகளும் வேறு முதல் ஐம்பது பக்கத்துக்குத் தலையைச் சுற்றவைத்தன. ஆனால் அந்தச் சுவரைக் காக்கிற பொறியாளர்கள் சாகச் சாகச் சுவரே உடைகிறது பாருங்கள், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே நம் கரை அரித்துக்கொண்டு போனது. பிறகு கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். அலைக்கும் கல்லுக்கும் நடக்கிற வழக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேரரசு அயல்நாடு ஆகாது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவரிடம் கதையைச் சொன்னேன். மரம் முளைத்த உடலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மழைக்காலத்தில்தான் வருமா? அப்படியானால் கோடையில் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள், அம்மா?" என்றார். சுவரைப் பழுது பார்ப்பார்கள் என்றேன். "ஆமாம், தடைக்காலத்தில் நாங்கள் வலையைச் சரிபார்ப்பது மாதிரி" என்று தலையாட்டினார். அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடையை அந்தப் பேரரசுக்கும் கொடுத்துவிட்டார் மனிதர்.

இன்னொன்று, சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'. 2020இல் வந்தது, சின்னப் புத்தகம். முடிவே இல்லாத ஒரு மாளிகை, மண்டபம் மண்டபமாகச் சிலைகள், கீழ்த் தளத்தில் கடல். அதில் வாழ்கிறவன் கடல் பொங்கி ஏறும் ஓதங்கள் ஒன்றுசேரும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கிறான். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்கு உணவும் நீரும் ஆம்பல் பூவும் கொண்டுபோய் வைக்கிறான். யார் என்று தெரியாதவர்களுக்குச் செய்கிற படையல். அதைச் சுரங்கத்துக்குள் படித்தேன். வண்ணாரப்பேட்டையில் யாரோ காலை மிதித்தது ரயிலைவிட்டு இறங்கிய பிறகுதான் வலித்தது.

வியாசர்பாடி ஆசிரியர்

அம்மா, என்னுடையது வகுப்பறைக் கதை. ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி', 2021இல் வந்தது. சூரியனின் ஒளியைத் தின்று பெருகும் நுண்ணுயிரால் பூமி குளிரப் போகிறது. வழி தேடித் தனியாக விண்வெளியில் மிதப்பவர் ஒரு பள்ளி அறிவியல் ஆசிரியர். எங்கள் இனத்தில் ஒருவரை யாராவது அவ்வளவு தூரம் அனுப்பிவைத்தார்களே என்பதற்காகவே வாங்கினேன்.

அங்கே அவர் சந்திக்கும் வேற்றுலகவாசி ராக்கி, சிலந்தி போன்ற உடம்புக்காரன். அவன் இனத்துக்கு ஒளி என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் ஒலிதான். பேச்சும் இசைச் சுரங்களைச் சேர்த்து மீட்டுவது போல வரும்.

என் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேர். ஓயாமல் மேசையில் கானாத் தாளம் போடுவார்கள். எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்! இந்த நாவல் முடிந்த மறுநாள் அவர்களையே முன்னால் கூப்பிட்டேன். ஒருவன் கண்ணைக் கட்டினேன். வாயைத் திறக்காமல், தட்டியே ஒன்று முதல் ஆறு வரை எண்ணச் சொல்லிக்கொடு என்று மற்றவனிடம் சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆறுக்கு அவர்கள் வைத்த தட்டு, விரல் மடக்கி ஒன்று, உள்ளங்கையால் ஒன்று. ராக்கியின் இனம் ஆறை அடிப்படையாக வைத்துத்தான் எண்ணும் என்று சொன்னேன். "அவனுக்கும் தாளம் தெரியும் சார்" என்றான் கண் கட்டப்பட்டவன்.

நாவலில் குறையும் உண்டு. கதாநாயகர் எதற்கெடுத்தாலும் வேடிக்கையாகப் பேசுகிறார், போகப் போகச் சலிக்கிறது. ராக்கி வந்ததும் அதை மன்னித்துவிட்டேன்.

பெரம்பூர் ஓய்வுக்காரர்

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். என் மருமகள் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவலை "உங்களைப் போன்றவர்கள் கதைதான், மாமா" என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். எழுதியவர் ரிச்சர்ட் ஆஸ்மன். முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தொழிற்சங்கத் தலைவர், ரான். மற்ற மூவரை விடுங்கள். அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எங்கள் தொழிற்சாலை வாசலில் சங்கம் போடும் வாயிற்கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

கன்னியாஸ்திரிகளின் கல்லறைத் தோட்டத்தைத் தோண்ட இயந்திரம் வருகிறது. கிழவர்களும் கிழவிகளும் வாயிலை மறித்து நிற்கிறார்கள். அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது எங்கள் பெரம்பூரில் அல்லவா, மறியல் என்றால் கால் தானாக எழுந்துவிடும்.

ஆனால் அங்கே எல்லாரும் கேக்கும் தேநீருமாக எவ்வளவு வசதியாக இருக்கிறார்கள்! எங்கள் பூங்காவில் நான்கு பேர் கூடினால் ஓய்வூதிய நிலுவையைப் பேசவே பொழுது போதாது. கொலையைக் கண்டுபிடிக்க நேரம் ஏது? ஒரு பாத்திரத்தின் கணவருக்கு மறதி நோய். அவர் சதுரங்கம் ஆடுகிற பக்கங்களில் மட்டும் நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரிக்கும் இப்போதெல்லாம் பெயர்கள் தவறுகின்றன.

ராயபுரம், இரவுப் பணி

சுருக்கமாகச் சொல்கிறேன். கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்'. உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலை; காற்றில் ஈரமும் சேர்ந்து வியர்வை உலராமல் மக்கள் செத்து விழுகிறார்கள். மின்சாரமும் போய்விடுகிறது. ஏரியில் இறங்கினால் தண்ணீரும் சூடு. மே மாதம், பகல் இரண்டு மணி, தூக்கம் வராமல் படுக்கையில் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மின்வெட்டு. மின்விசிறி மெல்லச் சுழன்று நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்துக்கு மேல் இன்றுவரை போகவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

தேரடி வாசகி

ராயபுரம், அதை மழைக்காலத்தில் படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்துக்குப் பிறகு நாவல் வேறு பாதையில் போகிறது, கூட்டமும் அறிக்கையுமாக. அது உங்களை வேறு விதமாகத் தூங்கவைக்கும்.

பெரம்பூர் ஐயா, அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

போன வாரம் பெரியப்பா வாசலில் என்னை நிறுத்தினார். அந்தச் சுவர் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, ஆனால் அதில் துப்பறிகிற இருவரும் வேறு ஊர் வழக்குக்குப் போய்விடுகிறார்கள் என்றேன்.

"மாற்றலா?" என்றார். "இங்கேயும் அப்படித்தான் அம்மா, கல் கொட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு அதிகாரி போய்விடுவார்."